ஆடிக்கு அழைத்த மாவுக்கட்டக்கா

ஆஸ்பத்திரிக்கு ஆசைப்பட்டுப் போகிற ஒரு பெண்பிள்ளையை எங்கள் ஜூஜுவாடியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அவள் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவள் மாவுக்கட்டக்கா.

ஓசூர்-பெங்களூர் ரோட்டோரம், எங்கள் ஊர் எல்லைச் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு வேகவைத்த கடலை விற்பாள். ஒரு நாள் லாரியிலிருந்து கேழ்வரகு மூட்டை சரிந்து அவள் தொடைமேல் விழுந்து எலும்பு முறிந்தது. பெங்களூரில் எலும்பு வார்டில் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்து, பிறகு மாவுக்கட்டும் போட்டார்கள். உறவென்று ஒருவரும் இல்லாதவள். வேளாவேளைக்குச் சோறு, தலைவாரி விட ஒரு நர்ஸம்மா, தினமும் வந்து திட்டுவதற்கு ஒரு டாக்டர். திரும்பி வரும்போது கன்னடமும் பேசினாள், அதுதான் தன் தாய்வீடு என்றும் சொன்னாள்.

காலிலிருந்து வெட்டியெடுத்த மாவுக்கட்டை மஞ்சள் குங்குமம் வைத்து வாசலில் கட்டியிருந்தாள். ஏதோ சாமி என்று நினைத்து லாரிக்காரர்கள் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனதும் உண்டு. அக்கா தடுக்க மாட்டாள். "என்னை நடக்க வச்ச சாமிதானே" என்பாள்.

தாய்வீட்டுக்குச் சும்மா போக முடியுமா? காரணம் வேண்டும். அதனால் ஊரில் யார் நொண்டினாலும் அவளுக்குக் கொண்டாட்டம். விழுந்தவர்கள் காலை ஊன்ற முடியவில்லை என்றால் உடனே பெங்களூர் பஸ். வீக்கம் ஒரு வாரமாகியும் வற்றவில்லை என்றால் பஸ். வெறும் அசதி என்றால் போய்ப் படுக்கச் சொல்லிவிடுவாள், ஆனால் முகம் வாடிப்போகும். முள் குத்தி நொண்டிய தபால்காரரை அத்திப்பள்ளி வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய்விட்டாள். வழியில் முள் தானாக வெளியே வந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம், அக்காவுக்குத்தான் துக்கம்.

நான் கல்யாணமாகி வந்த புதுசு. கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது முட்டி சரியில்லை. வீங்கும், வற்றும். சில சமயம் மடக்கின கால் நீட்ட வராமல் அப்படியே நின்றுவிடும். மாமியார் நல்லெண்ணெய் தேய்த்தார், நாட்டு வைத்தியக் கட்டுக்காரர் வந்து இழுத்துவிட்டார். வலி அதிகமானதுதான் மிச்சம். புது மருமகள் ஆம்பளை டாக்டரிடம் முட்டியைக் காட்டுவதாவது என்று வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கால் விளங்காதவள் என்று திருப்பி அனுப்பினால் போவதற்கு எனக்கு ஒரு வாசல் கிடையாது. அதனால் வலியை விழுங்கிக்கொண்டு ஒழுங்காக நடக்கப் பழகினேன்.

ஒரு நாள் துணி துவைக்கிற இடத்தில் கால் பூட்டிக்கொண்டது. எழவும் முடியவில்லை, அழவும் வெட்கம். அக்கா பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, கால் இளகும் வரைக்கும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எழுந்து போகும்போது, "இது எண்ணெய்க்கு அடங்குற முட்டி இல்ல கண்ணு" என்றாள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்களை அழைத்துப்போகத் தாய்வீட்டார் வருகிற மாதம். எனக்கு வர யாருமில்லை என்று நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். திரும்பினால் வாசலில் மாவுக்கட்டக்கா. தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மாம்பழம்.

"பொண்ண ஆடிக்குக் கூட்டிக்கிட்டுப் போவ வந்திருக்கேன், சம்பந்தி" என்றாள் என் மாமியாரிடம்.

மாமியார் விழித்தார். "எந்த ஊருக்கு?"

"பெங்களூருக்கு. எலும்பு ஆஸ்பத்திரிக்கு."

தாம்பூலத் தட்டோடு வந்தவரை மாமியார் எப்படி விரட்டுவார்? தெருவே வேடிக்கை பார்க்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டே பாய் போட்டார், மோர் கொடுத்தார். கடைசியில் எனக்குப் பூவும் வைத்துவிட்டார்.

மடியில் கடலை மூட்டையோடு அக்கா பஸ்ஸில் உட்கார்ந்தாள். அது எதற்கு என்று கேட்டேன். "தாய்வீட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?" என்றாள். வழியெல்லாம் பாடம் நடந்தது. டாக்டர் ரெண்டு காலையும் மடக்கிப் பார்ப்பார், பயப்படாதே. வலிக்கிற இடத்தில் மட்டும் வலிக்கிறது என்று சொல். எக்ஸ்ரே படம் பிடிக்கிற மேஜை சில்லென்று இருக்கும், ஆடாதே. எல்லாரையும் கத்தி வைத்து அறுத்துவிட மாட்டார்கள். "ஆனா மொதல்ல நடக்கச் சொல்லுவாரு. அழகா நடக்காதே கண்ணு. வீட்ல யாரும் பாக்காதப்ப எப்படி நடப்பியோ அப்படி நட."

நான் என்ன செய்தேன்? டாக்டர் நடக்கச் சொன்னதும், தலையைக் குனிந்துகொண்டு கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோல நேராக நடந்தேன். நடை நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார்.

"அண்ணா, அது மாமியார் முன்னாடி நடக்கிற நடை" என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, "வராந்தாவுல பானை இருக்கு, எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா கண்ணு" என்றாள்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நொண்டிக்கொண்டே போனேன். தண்ணீரோடு திரும்பினால் டாக்டரும் அக்காவும் ஜன்னலில் நிற்கிறார்கள்.

படத்தில் தெரிந்தது. மூட்டுக்குள் ஒரு சின்ன எலும்புத் துண்டு உடைந்து அலைந்துகொண்டிருந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் முட்டியே தேய்ந்து போயிருக்குமாம். எடுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது என் கால் கோழிக்கால் போல இளைத்திருந்தது. தொடையை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பழகச் சொன்னார்கள். அக்கா கட்டில் தலைமாட்டில் நின்று அதிகாரம் பண்ணினாள். களியும் கீரையும் கொண்டுவந்த மாமியாரை, "வாங்க சம்பந்தி" என்று வார்டுக்கே சொந்தக்காரிபோல வரவேற்றாள்.

அதற்குப் பிறகு அவள் இருந்தவரை ஒவ்வொரு ஆடிக்கும் தட்டோடு வந்துவிடுவாள். கால் நன்றாகிவிட்டதே என்றால், "அதனால என்னா, தாய்வீடு இல்லாம போயிடுமா?" என்பாள்.

இப்போது எனக்கு வலது முட்டி தகராறு செய்கிறது. போன வாரம் மகன் ஓசூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை. நடந்து காட்டுங்கம்மா என்றார். எல்லாரும் பார்க்க, நன்றாக நொண்டியே நடந்து காட்டினேன். பிறகு முந்தானையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். எதற்கென்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. தாய்வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எனக்கு இல்லை.