முன் வாரையில் ஓர் ஆள் குறைகிறது

வடக்குத் தெரு,
செஞ்சி வட்டம்.
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் திரு. சாமுவேல் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. தாங்களும் ஜெனிபரும் பிள்ளைகளும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள். நான்காவது மாடி, லிஃப்ட் வசதி, சுகத்துக்கு என்ன குறை. இங்கே நானும் தங்கள் தங்கை செல்வராணியும் அந்தோனியார் தயவில் நலம். தங்கள் அம்மாவும் நலம். முழங்காலைத் தனியாக விசாரித்தால் அது வேறு பதில் சொல்லும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை கொடியேற்றம் முடிந்து தேர் சுற்றி வந்ததை யாரோ படமெடுத்து 'நம்ம ஊரு சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஊரில் இருப்பவர்களைப்போல மூன்று மடங்கு ஆட்கள் இருக்கும் குழு அது. ஓசூரிலிருந்து இதயம் வந்தது, திருப்பூரிலிருந்து கும்பிடும் கைகள் வந்தன, பெங்களூரிலிருந்து ரோஜாப்பூ வந்தது. தாங்கள் மட்டும் ஒரு வரி எழுதினீர்கள். "இன்னாடா இது, அந்தோனியார் ஒரு பக்கமா சாயுறாரு? யாரு தூக்குனது?" கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் நான்கு.

தூக்கியது நான்தான். அந்த நிமிடமே குழுவிலிருந்து விலகினேன். கோயில் வாசலில் பத்துப் பேர் முன்னால், "இனிமே அந்த ஆளுக்கு ஒரு வரி எழுத மாட்டேன், ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று சத்தியமும் செய்தேன். செபாஸ்தியான் பெரியப்பா, "இத்தினி நாளா பேசிக்கினா இருந்தீங்க?" என்று கேட்டார். அவருக்குக் காது மந்தம், ஆனால் கேட்கக் கூடாதது மட்டும் நன்றாகக் கேட்கும்.

சொரூபம் ஏன் சாய்ந்தது என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். தேருக்கு அடியில் நீளமாக ஓடும் இரண்டு வாரைகளை முன் வாரை என்று முன்னால் இருவர், பின் வாரை என்று பின்னால் இருவர் தோளில் வாங்க வேண்டும் என்பதும், முன்னால் நிற்கிற இருவரும் ஒரே உயரமாக இருந்தால்தான் சொரூபம் நேராக நிற்கும் என்பதும் தங்களுக்கு மறந்திருக்கலாம். நம் இருவரையும் கோயில் சுவரில் சாய்த்து நிறுத்தி, தோள்மேல் பலகை வைத்து, பலகைமேல் ரசமட்டம் வைத்து, "குமிழி நடுவுல நிக்குதுடா, ஒரே அச்சு!" என்று பெரியப்பா கத்தியது எனக்கு மறக்கவில்லை. கொத்தனார் வேலையில் அவர் அத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இப்போது தங்கள் இடத்தில் நிற்பவர் மேட்டுத் தெரு இளையபெருமாள். ஓய்வு பெற்ற கண்டக்டர், தங்கமான மனிதர். "அந்தோனியாரு எங்க ஊட்டுக்கும் தான் சார் நல்லது பண்ணிக்கிறாரு" என்று தானாக வந்து தோள் கொடுத்தவர். ஆனால் அவர் தலை என் தோளுக்கு வருகிறது. அதற்கு அவர் என்ன செய்வார்? செல்வராணி துண்டை மூன்றாக மடித்து அவர் தோளில் வைத்தாள், போதவில்லை. நான்காக மடித்தாள், போதவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுத் தலையணையைக் கட்டிவிட்டாள். தலையணையில் அழுத்தினால் அமுங்கும் என்பதை எம்.ஏ. வரலாறு படித்த நானும் யோசிக்கவில்லை. பத்தடி போவதற்குள் அந்தோனியார் இளையபெருமாள் பக்கம் சாய, சொரூபத்தின் கையிலிருந்த குழந்தை இயேசு எந்த நேரமும் இறங்கி ஓடத் தயாரானதுபோல நின்றார்.

பின் வாரையில் யார் தெரியுமா? ஒரு பக்கம், முழங்காலில் பட்டை மாட்டிய செபாஸ்தியான் பெரியப்பா. மறுபக்கம், போன மாதம் கண்புரை எடுத்த டெய்லர். கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். இவர்கள்தான் நம் ஊர் இளைஞர் இயக்கம். நான் செயலாளர், வயது ஐம்பத்திரண்டு. பொறுப்பை ஒப்படைக்க என்னைவிடச் சின்னவன் ஒருவன் கிடைக்க வேண்டுமே! மறைமாவட்ட இளைஞர் முகாமுக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் பங்குச் சாமியார் நெருக்கியபோது நானும் டெய்லரும்தான் போனோம். அங்கே பந்து விளையாட்டு வைத்தார்கள். நாங்கள் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு கைதட்டினோம்.

"உன் மகன் ஜெபின் எங்கே?" என்று கேட்பாய். அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அது வேறு விஷயம்.

எல்லாரும் எப்படிப் போனார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேனே, ஊரை விட்டுப் போகிற ஒவ்வொருவனும் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் என் கடையில் நகல் எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். "மூணு செட் போடு மாமா" என்கிறான். நானும் போட்டுக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்க வருகிறவர்கள் என்னிடம் ராஜகிரிக்கு வழி கேட்கிறார்கள். நான் முறைப்படி படித்தது அந்தக் கோட்டையைத்தான். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, வழி மட்டும் கேட்கிறார்கள். போகட்டும்.

உனக்கும் நான்தான் நகல் எடுத்துக் கொடுத்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்துவிட்டு நீ சொன்னது இது: "ரெண்டே வருஷம் மச்சான். வந்துடறேன். முன்வாரய எவனுக்கும் குடுத்துடாத." நான் குடுக்கவில்லை, இளையபெருமாள் நீ வரும்வரை உன் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மட்டும்தான். முதல் வருஷம் நைட் ஷிப்டு என்றாய். அடுத்த வருஷம் லீவு இல்லை என்றாய். பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை, பிறகு டென்ஷன், பிறகு முதுகு. ஒரு வருஷம் காரணம்கூடச் சொல்லவில்லை. 'விழா வாழ்த்துகள்' என்று பூ வைத்த படம் மட்டும் வந்தது. பூவை வைத்துக்கொண்டு நான் வாரையைத் தூக்க முடியுமா?

சரி, வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கோயிலிலிருந்து புறப்படும்போதே இளையபெருமாள் பழக்கத்தில், "போலாம் ரைட்!" என்றார். பாட்டுக்காரப் பெண்கள் பாட்டை விட்டுச் சிரித்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும்: வீட்டுக்கு ஒரு தோள், தோள் கொடுத்த வீட்டு வாசலில்தான் தேர் நிற்கும், அந்த வீட்டுக்காரிதான் உப்பும் மிளகும் போட்டு மெழுகுவத்தி கொளுத்துவாள். தோள் கொடுக்காத வீட்டைத் தேர் தாண்டிப் போய்விடும். முன்பெல்லாம் பின் வாரையில் வாசலுக்கு ஓர் ஆள் தோள் மாற்றுவார், தேர் நிற்காத வீடு எது என்று தேட வேண்டும். இப்போது தேர் புறப்பட்டால் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி போகிறது. டெய்லர் வீட்டில் நின்றோம். பெரியப்பா வீட்டில் நின்றோம். மேட்டுத் தெரு வரைக்கும் போய் இளையபெருமாள் வீட்டில் நின்றோம். கிணற்று மேடு ஏறி உங்கள் அம்மா வீட்டு வாசலுக்கு வந்தபோது, வழக்கப்படி தாண்டத்தான் போனோம். பெரியப்பாவின் முழங்கால் மடங்கிவிட்டது. "எறக்கு, எறக்கு" என்று அலறினார். முட்டுக்கட்டையில் தேரை இறக்கினோம். தேர் உங்கள் வாசலில் நின்றுவிட்டது.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். கையில் தட்டு, தட்டில் உப்பு, மிளகு, மெழுகுவத்தி. மச்சான், அந்தத் தட்டை அவர் அப்போது தயார் செய்யவில்லை. நீ போனதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் தயாராக வைத்திருக்கிறார். தேர் தாண்டிப் போனதும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார். செல்வராணி சொல்லித்தான் எனக்கே தெரியும். வாசற்படி வரை வந்தவர் எங்கள் நால்வரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எம் மவன் வந்துக்கிறானா?"

பெரியப்பாதான், "இல்ல பாக்கியம். இது நின்னதில்ல. நாங்க மூச்சு வாங்கிக்கினு இருக்கறோம்" என்றார். வழக்கம் என்றால் அந்த மனிதருக்கு அத்தனை கறார்.

நான் பொறுக்காமல், "நான் உங்க மருமவன் தானே அத்தை, எந்தோளு இந்த ஊட்டுக்குன்னு வச்சிக்கோங்க" என்றேன்.

"அப்ப எம் பொண்ணு வாசல்ல தேரு நிக்காம போவும். அவ தட்டோட நிக்கணுமா? ஒர்த்தி நின்னது போதும். மூச்சு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி, தட்டை உள்ளே வைத்துவிட்டு எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இளையபெருமாள் தண்ணீர் குடித்துவிட்டு "ரைட்" சொல்லவில்லை. அந்த இடத்தில் மட்டும் அவருக்கு வரவில்லை. அங்கிருந்து தூக்கிக்கொண்டு போனபோதுதான் எவனோ படமெடுத்தான். நீ நான்கு பொம்மைகள் போட்டது அதற்குத்தான்.

அத்தையை உன்னோடு அழைத்துப் போய் வைத்துக்கொண்டதாக நீ எல்லாரிடமும் சொல்வதும் எனக்குத் தெரியும். அவர் அங்கே எத்தனை நாள் தாங்கினார்? திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "அங்க தெருவுக்கே கேட்டு போட்டுப் பூட்டி வச்சிக்கிறாங்க நைனா. எந்தச் சாமி உள்ள வரும்?"

இனி உனக்கு இந்தத் தொல்லை கிடையாது. பங்குச் சாமியார் முடிவு செய்துவிட்டார். வருகிற சனிக்கிழமை கடைசித் தேர், குட்டி யானை வண்டியில் போகிறது. அவலூர்பேட்டைச் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றும் செல்லப்பன் வண்டிதான், கழுவிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். வண்டிக்குத் தோள் கணக்குக் கிடையாது, ஆகையால் எல்லா வாசலிலும் நிற்கும், பூட்டிய வாசலிலும் நிற்கும். உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கத்திரிக்கா வண்டிக்கு நான் மெழுவத்தி கொளுத்த மாட்டேன்" என்கிறார். கொளுத்தாவிட்டால் போகட்டும். நீ வர வேண்டாம். உன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. நீ இல்லாமல் இத்தனை வருஷம் தேர் ஓடியிருக்கிறது, இனி டீசலில் ஓடும். எனக்கும் தோளுக்கு ஓய்வு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது குறை அல்ல. வாரை தூக்கும்போது பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்க முடியாது, மூச்சு மட்டும் கேட்கும். உன் மூச்சு கிணற்று மேட்டில் மாறும். மாறியதும் நீ மெதுவாக, "வலது காலு மச்சான்" என்பாய். நான் வலது காலை எடுத்து வைப்பேன். இப்போது அந்த மேட்டுக்கு வரும்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். இளையபெருமாள், "யாராண்ட சார் பேசற?" என்று கேட்கிறார்.

ஜெனிபருக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் அந்தோனியாரைப் படத்திலாவது நேராகப் பார்க்கட்டும். தங்களுக்கும் தங்கள் லிஃப்டுக்கும் இறைவன் நீண்ட ஆயுளைக் கொடுப்பாராக.

பி.கு.: மேலே எழுதியதை மறுபடி படித்தேன். கிழிக்க மனம் வரவில்லை, அத்தனையும் உண்மை. ஆனால் செல்லப்பனுக்கு நான் நேற்றே போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாமியாருக்கு இன்னும் தெரியாது. இளையபெருமாளைப் பின் வாரைக்கு மாற்றியாயிற்று, பெரியப்பா பந்தம் பிடித்துக்கொண்டு நடப்பார். முன் வாரையில் வலப்பக்கம் காலி. நீ வராவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் தோளும் இல்லாமல் வண்டியும் இல்லாமல் அந்தோனியார் கோயிலுக்குள்ளேயே இருப்பார், சாமியார் என்னை வெளியே நிறுத்துவார். செல்வராணி தோளுக்குத் துண்டு இரண்டு மடித்து வைத்திருக்கிறாள். ஒரே அளவு.

உனக்கு எழுத மாட்டேன் என்று பத்துப் பேர் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன், அதை மீற முடியாது. ஸ்பீடு போஸ்டில் அனுப்புநர் பெயர் இல்லாமல் வாங்க மாட்டார்கள் என்பதால் அத்தையிடம் கேட்டு அவர் பெயரை உறையில் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்தாவது பிரிப்பாய். உள்ளே கீழே கையெழுத்துப் போடவில்லை. யாராவது கேட்டால், ஊரிலிருந்து எவனோ எழுதினான் என்று சொல். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.