அடுப்பில் எரியாத கதை

பறக்கும் கட்டில், பேசும் கிளி, ஒரு மந்திரவாதி. இந்த மூன்று சாமான்களும் இருந்தால் எந்தக் கதையையும் நான் படிப்பேன். கிழவனான பிறகும் படிக்கிறேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. இருபத்து மூன்று வயதில் இருந்தது. (சாதாரண வெட்கம் இல்லை, புத்தகத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிற வெட்கம்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். சம்பளம் வந்ததும் வடசேரிச் சந்தைக்குப் போய், சாக்கு விரித்துப் புத்தகம் விற்பவரிடம் திருவிதாங்கூர் காசு இரண்டு சக்கரத்துக்கு ஒரு மாயக்கதை வாங்குவேன். "வகுப்புப் பிள்ளைகளுக்கு" என்று அவர் கேட்காமலே விளக்கமும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபை உபதேசியாரின் மகள் எஸ்தரை எனக்குப் பெண் கேட்டு என் சித்தப்பா போனார். எஸ்தர் கோயிலில் பாடும்போது எனக்குப் பாட்டின் அடியே மறந்துவிடும், அப்படி ஒரு நிலைமை. உபதேசியார் அவசரப்படவில்லை.

"பையன் நல்ல பையன்தான். ஆனா பக்குவம் உண்டுமா? அத நான் பாக்கணும்லா" என்றாராம்.

பார்ப்பதற்கு அவரே வழியும் சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் நான் பேச வேண்டும். தலைப்பு: 'மாயக்கதை படிப்பவன் வளர்ந்த மனிதனா?' அதைக் கேட்டதும் எனக்கு அரிசிப் பானை ஞாபகம் வந்தது.

எங்கள் உபதேசியாரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் பிரசங்கம் செய்தாலும், முடிந்ததும் எழுந்து நின்று, கேட்டவர்களிடம் கேள்வி கேட்பார். யாரைக் கைகாட்டுவார் என்று தெரியாது. அந்தப் பயத்திலேயே எங்கள் சபையில் யாரும் தூங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாயக்கதைகளுக்கு எதிராக நான் முழங்கினேன். ஆனால் சேற்றைக் காட்டாமல் சேறு என்று எப்படிச் சொல்வது? உதாரணத்துக்கு ஒரு கதையை எடுத்தேன். ராஜா மகளின் சிரிப்பைத் திருடி ஒரு மந்திரவாதி செப்புக்குள் பூட்டி வைக்கிறான். அதை மீட்க ஒருவன் கட்டிலில் கிளம்புகிறான். அவன் தும்மினால்தான் கட்டில் பறக்கும். அதனால் மடி நிறைய மூக்குப்பொடி, தலைமாட்டில் ஒரு கிளி. நடுக்கடலுக்கு மேலே போகும்போது பொடி தீர்ந்துவிடுகிறது. (இந்த இடத்தில் என்னை அறியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தேனாம்.)

"இந்த இடத்தோடு மூடிவிட்டேன்! பள்ளிக்கூடத்தில் பறித்த புத்தகம் அது, அப்படியே அடுப்பில் போட்டேன்! மீசை முளைத்த பிறகும் இதைப் படிக்கிறவன் தொட்டிலில் கிடக்க வேண்டியவன்!" என்று முடித்தேன். கோயில் அமைதியாக இருந்தது. எல்லாரும் மனந்திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

உபதேசியார் எழுந்து, வயல்வேலை செய்யும் தங்கையாவைக் கைகாட்டினார்.

"தங்கையா, வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"பொடி போட்டுத் தும்முனா கட்டிலு பறக்கும்னு சொன்னாரு ஐயா."

"அது இல்ல வே. அதப் படிச்சா என்ன கெடுதல்னு சொன்னாரு?"

தங்கையா யோசித்தார். "பொடி தீந்து போவும்."

உபதேசியார் பெண்கள் பக்கம் திரும்பி, ஓலை முடைகிற ரேச்சலக்காவைக் கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ராசா மவளுக்க சிரிப்பப் பூட்டி வச்சிட்டானே, பாவி. அது கெடக்கட்டும், அந்தப் பய தப்பிச்சானா இல்லியா? சொல்லும் வாத்தியாரே!"

"எனக்கு எப்படித் தெரியும்? எரித்துவிட்டேனே" என்றேன்.

"எரிச்சதுதான் எரிச்சீரு, படிச்சிட்டு எரிச்சிருக்கப்பிடாதா?"

சபை முழுக்க அதை ஆமோதித்தது. உபதேசியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுல தெரியதுக்கு என்ன இருக்கு? கட்டிலு கவுந்திச்சு, கடல்ல விழுந்து செத்தான். வெட்டிப் பயலுக்கு அதான் முடிவு. எல்லாரும் எழும்புங்க, ஜெபிப்போம்."

எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். நானும் மூடியிருந்தால் கல்யாணம் நிச்சயம். ஆனால் அவனோடு நான் மூன்று வாரமாகப் பறந்துகொண்டிருந்தேன். போகிற போக்கில் அவனை ஒருவர் கடலில் தள்ளிவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"சாகல்ல ஐயா!" என்று கத்திவிட்டேன். "கிளி தனக்க எறகப் பிடுங்கி அவன் மூக்குக்குள்ள விட்டுச்சு! நாப்பத்தெட்டாம் பக்கத்துல தெளிவா போட்டிருக்கு!"

மூடிய கண்கள் அத்தனையும் திறந்தன. "அப்படிப் போடு!" என்றார் தங்கையா. உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப அடுப்புல எரிஞ்சது எது தம்பி?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எஸ்தர். முந்தானையை வாயில் அடைத்தும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"பையனுக்கு இன்னும் ஒரு வருசம் மூப்பு வேணும்" என்று அன்று சாயங்காலமே உபதேசியார் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம்! நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் தும்முவார்கள். வாய்க்கால் கரையில் தங்கையா செப்பு என்ன ஆயிற்று என்று கேட்பார். மறைக்க ஒன்றுமில்லை என்றான பிறகு, புத்தகத்தைப் பானையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். எனக்குப் பக்குவம் என்று ஏதாவது வந்திருந்தால் அது அன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும். புத்தகத்தில் அரிசி வண்டு ஏறியிருந்தது.

வருஷம் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சங்கடம் வந்தாலும், பஸ் தவறினாலும் குழம்பு தீய்ந்தாலும், யாராவது ஒருவர் "பொடி இருக்கா?" என்று கேட்பார்கள். மாமனார் மட்டும் அதற்குச் சிரித்ததே இல்லை. அவர் இருக்கும்போது நாங்களும் கேட்பதில்லை.

பல வருஷம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தார். வைத்தியர் கைவிரித்துவிட்டார். ஒருநாள் காலையில் கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தோம். யாரோ என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் மாமனார், ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு.

"தம்பி, பொடி வச்சிருக்கியா?"

நான் பதறிப்போய் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு எஸ்தர் இன்றுவரை என்னைத் திட்டுகிறாள்.