ஸ்கோப் மாமா

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த மறுநாள் அது சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் வீட்டுக்கு வரும், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடிக்கும், கொடுத்த காபியை ஆறவிட்டபடி "அப்புறம், மேற்கொண்டு என்ன?" என்று ஆரம்பிக்கும். நீங்கள் எந்தப் படிப்பைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கும். பிறகு கேட்கும்: "அதுல ஸ்கோப் இருக்கா?"

நம்முடைய ஸ்கோப் மாமா இந்த இனத்தில் முதல் தரம். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் புகார்க் கடிதங்களுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதி ஓய்வு பெற்றவர். ஸ்கோப் என்றால் என்ன என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரும் யோசித்திருப்பாரோ என்னவோ. நன்றாகப் படம் வரைந்த அண்ணன் மகனைக் காப்பீட்டு அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தவர் அவர்தான். அவன் இன்றைக்கும் கோப்புகளின் ஓரத்தில் குதிரை வரைந்துகொண்டிருக்கிறான்.

அப்படிப்பட்டவரிடம் அக்கா மகள் பிசிக்ஸ் படிக்கப் போகிறேன் என்றாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். மாமா விட்டத்தைப் பார்த்தார். யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்கிற குரலில், படித்து முடித்தால் வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைத்தால்தான் என்றார். அத்தான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் மெல்ல, "மாமா, நீங்களே வந்து விசாரிச்சுப் பாருங்க," என்றாள். விசாரிப்பது என்றால் மாமாவுக்குக் கரும்பாயிற்றே!

எல்லோருமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். துறைத் தலைவர் பொறுமைசாலி அம்மாள். பிசிக்ஸ் படித்தவர்கள் வானிலை கணிக்கிறார்கள் என்றார். அதைத்தான் தினமும் டிவியிலேயே சொல்லிவிடுகிறார்களே என்றார் மாமா. செயற்கைக்கோள் செய்கிறார்கள் என்றார். இருக்கிறதே போதாதா என்றார் இவர். பெரிய வங்கிகளில்கூட ஆபத்தைக் கணக்குப்போட அவர்களைத்தான் தேடுகிறார்கள் என்றார். அப்படியானால் நேராக வங்கிப் படிப்பே படித்துவிடலாமே என்று மடக்கிவிட்டு, மாமா அத்தானைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மாள் மேற்கொண்டு வாதாடவில்லை. பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், மாமாவின் தலையிலிருந்து ஒரு முடி கேட்டார். இருப்பதே சொற்பம், மனசில்லாமல் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். அதை ஒரு சட்டத்தில் ஒட்டி லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். எதிர்ச் சுவரில் சிவப்புக் கோடுகள் வரிசையாக விழுந்தன. கோடுகளின் இடைவெளியை அளந்தால் முடியின் பருமனைச் சொல்லிவிடலாமாம். மாமா கிட்டே போனார், தள்ளி வந்தார், நடுவில் கையை நீட்டிப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. எட்டு வயசுப் பிள்ளையின் முகம் ஒன்று அந்த மீசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

பத்து நிமிடம் கழித்துச் சுதாரித்துக்கொண்டு, "எல்லாம் சரி மேடம், இதுக்கு ஸ்கோப் இருக்கா?" என்று திரும்பினார். அதற்குள் அத்தான் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

அப்புறம் ஏழு வருடம். "இன்னுமா படிக்கிறா?" என்று வருடா வருடம் கேட்டுவிட்டு, மாமா ஒருநாள் தொண்டையில் கட்டியோடு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கதிர்வீச்சு எந்தக் கோணத்தில், எவ்வளவு பாய வேண்டும் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்கிடுகிற வேலையில் இருந்தாள் அக்கா மகள். ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்து நரம்பு போய்விடும். அதனால் மூன்று முறை கணக்குப் போட்டாள், வேறொருவரைக் கொண்டும் சரிபார்த்தாள். வெளியே வந்து யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

மாமா மேஜையில் படுத்தார். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இது பர்மனென்ட் வேலைதானே?" என்றார்.

"ஆமா மாமா. இனிமே அசையக்கூடாது. பேசவும் கூடாது."

தலை அசையாமலிருக்க முகத்தின் மேல் வலைமூடியை வைத்து மேஜையோடு திருகினார்கள். தினம் பத்து நிமிடமாக முப்பது நாள் மாமா வாயைத் திறக்கவில்லை. அவர் வாயை மூடவைப்பது குடும்பத்தில் வேறு எவராலும் முடியாத காரியம்.

கட்டி கரைந்தது. கம்மிப்போயிருந்த குரலும் திரும்பியது. அந்தக் குரலால் அவர் முதலில் ஊரெல்லாம் சொன்னது, அவளைப் பிசிக்ஸில் சேர்த்துவிட்டதே தான்தான் என்பது. அடுத்த மாதம் தம்பி மகள் கெமிஸ்ட்ரி படிக்க ஆசைப்படுவதாகக் கேள்விப்பட்டதும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். "கெமிஸ்ட்ரியா? அதுல என்னம்மா ஸ்கோப்? பேசாம பிசிக்ஸ் எடு. பெரியப்பா சொல்றேன்ல?"

சிரிக்கிறீர்களா? தாராளமாக. போன வாரம் படிக்கட்டில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண், தான் என்ன படிக்கிறாள் என்று உங்களிடம் ஆசையாகச் சொன்னாளே, அதற்கு நீங்கள் என்ன கேட்டீர்கள்? நினைவில்லையா? அவளைக் கேளுங்கள், அவளுக்கு மறந்திருக்காது.