எங்கள் சபைக்கு ஒதுக்கிய ஒரே கைது

மதிப்பிற்குரிய நஜீப் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் ஷுக்ரி உங்கள் வலக்கையை முத்தமிட்டு எழுதுவது. உங்கள் சர்க்கரையும் மாமியின் முழங்கால் வலியும் ஒரு கட்டுக்குள் இருக்க மாதா அருள்புரியட்டும். இங்கே நானும் வர்தாவும் பிள்ளைகளும் சுகம். அந்தச் சுகம்தான் மாமா எனக்கு இப்போது வந்திருக்கும் நோய். சுகமாக இருக்கிறேன், சுதந்திரமாக இருக்கிறேன், என் வீட்டுக் கூடத்தில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தேர்தல் வருஷத்தில் ஒரு போலீஸ் கர்னலுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். எல்லாப் போனையும் எங்கள் ஆட்களே ஒட்டுக் கேட்கிறார்கள். நானும் அந்தப் பிரிவில் உட்கார்ந்து கேட்டவன்தான். என் கல்யாணச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சி பற்றவில்லை என்று மாமி இத்தனை வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருப்பது அப்படித்தான் எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும்.

விஷயம் என்னவென்றால் நஸீஃபைக் கைது செய்துவிட்டார்கள். ஆம், அதே நஸீஃப்தான். என்னோடு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, என்னோடு கர்னலாகி, எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் குடியிருப்பவன். உள்துறை மந்திரிக்கு, அரசியலில் நம் சபைக்கே தலைவரான ஃபாரிஸ் பெய் மேல் கோபம். தேர்தலுக்குள் பெய்யின் கொட்டத்தை அடக்க வேண்டும். பெய்யைத் தொட முடியாது, ஆகவே பெய்யின் ஆள் என்று ஓர் அதிகாரியைத் தொடுகிறார், ஊழல் ஒழிப்பு என்று அதற்குப் பேர் வைக்கிறார். ஆனால் நம் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மந்திரி நாற்காலியைச் சமூகத்துக்கு இத்தனை என்று பங்கு போடுவது போலக் கைதையும் பங்கு போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் "எங்களை மட்டும் குறி வைக்கிறான்" என்று ஒரு சமூகம் தெருவில் இறங்கிவிடும். அதனால் மரோனைட்டில் இரண்டு பேர், சுன்னியில் இரண்டு பேர், ஷியாவில் இரண்டு பேர், துரூஸில் ஒருவர் என்று பிடித்தார்கள். நம் கிரேக்கக் கத்தோலிக்க சபை சின்னது, எதிலும் நமக்கு ஒரே நாற்காலிதான். கைதிலும் ஒன்றே ஒன்றுதான் ஒதுக்கினார்கள். அந்த ஒன்றையும் நஸீஃப் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

நடந்ததைச் சொன்னால் உங்கள் வயிறும் எரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம், கிப்பே இறைச்சி உருண்டை தட்டில் இருந்தது. தெருவில் கறுப்பு வண்டிகள் வந்து நின்றன. வர்தா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "கமீல் அப்பா, வந்துட்டாங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு மரியாதையைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. என் பெட்டி ஒரு வாரமாகவே தயார். பதக்கங்களோடு சீருடையை மாட்டினேன், மீசையை ஒதுக்கினேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. நான் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, இன்னும் ஒரு மாடி" என்றேன். லெப்டினன்ட் நிமிர்ந்து பார்த்தான். நான் பயிற்சி கொடுத்த பயல். "உங்க வீடு இல்ல சார். நீங்க போய்ச் சாப்பிடுங்க, ஆறிடும்" என்றான்.

நஸீஃப் பனியனோடு வெளியே வந்தான். மென்றுகொண்டே, "என்னப்பா கேஸ்?" என்று கேட்டான்.

"ரோந்து வண்டிப் பெட்ரோல் சீட்டை வெளிய வித்த கேஸ் சார்."

"நான் விக்கலையே."

"தெரியும் சார். சட்டையப் போட்டுட்டு வாங்க."

மாமா, பெட்ரோல் சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதில் நஸீஃபுக்கு என்ன தெரியும்? தன் மச்சினன் வண்டிக்கே அபராதம் போட்டவன் அவன். ஸ்டேஷனில் குடிக்கிற காபிக்குக் கைக்காசு கொடுப்பவன். இப்போது அவன் பார்க்கும் வாகனப் பிரிவு அவனுக்கு முன்னால் என் கையில் இருந்தது. என்ஜின் கழற்றிப் போட்ட ஜீப்புகளைப் பெட்ரோல் குடிக்க வைத்தவன் நான். சக்கரம் இல்லாத வண்டிகள் பெக்கா சமவெளி முழுக்க ரோந்து சுற்றியது என் காலத்தில்தான். எத்தனை வருஷ உழைப்பு, எத்தனை பேரைச் சரிக்கட்டியது, எத்தனை இரவு தூங்காமல் புரண்டது. வர்தாவின் புது அடுப்படி, கமீலின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், உங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்த அந்தக் கம்பளிக் கோட்டு எல்லாம் வேறு எதிலிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்? இவ்வளவையும் நான் செய்ய, பேர் அவனுக்குப் போகிறது. நோகாமல் நுங்கு தின்கிறான் என்பார்களே, அது இதுதான்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் எப்படித்தான் எழுதுவேன். சாயங்காலமே பெய்யின் ஆட்கள் வந்து தெருமுனையில் டயர் கொளுத்தினார்கள். அந்தக் கரி முழுக்கக் கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சட்டைகளில் வந்து உட்கார்ந்தது. மறுநாள் டிவிக்காரன் வந்தான். கட்டடத்தின் முன்பக்கம் நஸீஃப் படத்தைத் துணியில் அடித்து மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கவிட்டார்கள், அவன் நெற்றி சரியாக என் படுக்கையறைச் சன்னலை மறைக்கிறது. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். ஃபாரிஸ் பெய்யே வந்து, நஸீஃபின் மனைவி ஓடெட் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உன் புருஷன் மேல விழுந்த அடி இல்லம்மா, நம்ம சபை மேல விழுந்த அடி" என்றாராம். நான் படியில் நின்று சல்யூட் அடித்தேன். என்னைக் கட்டடத்துக் காவல்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, சில்லறை தேடிச் சட்டைப் பையைத் தடவினார்.

லிஃப்ட் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் மாடி தெரியாமல் என் வீட்டு மணியை அடிக்கிறார்கள். ஜஹ்லே பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மாமூல் பலகார டப்பாவை என் கையில் கொடுத்து என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். எனக்கும் ஒரு மாதிரி நிறைவாக இருந்தது, தட்டிக்கொடுத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நானும் கர்னல்தான்" என்றேன்.

"அப்படியா. அப்ப உங்கள ஏன் பிடிக்கல?"

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். இப்போது ஊரில் இரண்டு கட்சி. ஷுக்ரியைப் பிடிக்குமளவுக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை என்கிறது ஒரு கட்சி. ஷுக்ரிதான் காட்டிக் கொடுத்தான் என்கிறது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சிக்காரர்களோடு மட்டும்தான் பேசுகிறேன். வர்தா காலையில் எழுந்ததும் கீழே போய்விடுகிறாள், ஓடெட்டுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாளாம், வந்தவர்களை வரவேற்கிறாளாம். "அவர நெனச்சா பெருமையா இருக்கு" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். நான் இருமினால்கூட, "அங்க நஸீஃப் ஈரத் தரையில படுத்திருக்கார், நீங்க மெத்தையில படுத்துகிட்டு இருமுறீங்க" என்கிறாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மாமா. வசந்தத்தில் நம் சபைக்கென்று இருக்கும் ஒரே பிரிகேடியர் பதவி காலியாகிறது. அது பெய் கையில். உள்ளே போய் வந்தவனைத் தவிர வேறு யாருக்குக் கொடுப்பார்? இது தவறினால் நான் கர்னலாகவே ஓய்வு பெற வேண்டும், சாகும்வரை அந்தப் படியில் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலில் நேராக விசாரணை நீதிபதியிடமே போனேன். ஜாடையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அந்த வாகனப் பிரிவைப் பத்தி நஸீஃபைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும், ஐயா."

"சாட்சி சொல்லப் போறீங்களா?"

"சாட்சி என்ன சாட்சி. அவ்வளவு நுணுக்கமான வேலை நஸீஃபுக்கு வருமா, நீங்களே யோசிங்க. அதுக்கெல்லாம் ஒரு மூளை வேணும்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "கர்னல், உங்க சபைக்கு ஒண்ணுதான். அது நிரம்பிடுச்சு. இன்னொருத்தரப் பிடிச்சா மத்த எல்லாச் சமூகத்துலயும் கூடப் பிடிக்கணும். ஜெயில்ல எடம் எங்க இருக்கு? வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஆகவேதான் மாமா உங்கள் காலில் விழுகிறேன். வியாழக்கிழமைதோறும் ஃபாரிஸ் பெய்யோடு பகடை ஆடுகிறீர்கள். ஊரில் எல்லோரும் உள்ளே இருப்பவனை வெளியே எடுக்கத்தான் சிபாரிசு பிடிக்கிறார்கள். நான் கேட்பது அதைவிட எளிது. என்னை உள்ளே அனுப்ப ஒரு வார்த்தை. நஸீஃபை விட்டுவிடச் சொல்லுங்கள், அவன் இடத்தில் என்னைப் போடச் சொல்லுங்கள். சபைக் கணக்கு மாறாது, மந்திரிக்கும் நஷ்டமில்லை, ஒரு நிரபராதி வீடு திரும்பிய புண்ணியமும் உங்களுக்குச் சேரும். தவிர இது நியாயமும்கூட. செய்தவன் நான். அதை என் வாயால் வேறு யாரிடமும் இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

கண்ணேறு படாமல் நீங்களும் மாமியும் நூறாண்டு வாழவும், உங்கள் பகடை எப்போதும் ஆறும் ஆறுமாகவே விழவும் கர்த்தரை வேண்டும்,

உங்கள் அன்பு மருமகன்
கர்னல் ஷுக்ரி

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். நஸீஃபுக்காகக் கொளுத்திய டயரால் சாலை அடைபட்டு, உங்களுக்குக் கடிதம் கொண்டுவரும் பெய்ரூத் வேன் மூன்று நாளாகப் போகவில்லை, கடிதம் என்னிடமே கிடந்தது. அதற்குள் பெய்யும் மந்திரியும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, ஒரே வேட்பாளர் பட்டியலாக நிற்பதென்று கை குலுக்கிவிட்டார்கள். இன்று காலை எல்லா அதிகாரிகளையும் ஆதாரமில்லை என்று விட்டாயிற்று. நஸீஃப் வீட்டில் அரிசி தூவி, வானத்தை நோக்கிச் சுட்டு, ஒரே அமர்க்களம். ஆனால் டிவியில் சொன்ன கேஸை எவன் தலையிலாவது கட்டித்தானே மூட வேண்டும்? நீதிபதிக்கு உடனே என் ஞாபகம் வந்ததாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

கூடத்தில் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டு நான் ஷூ மாட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள். படுக்கையறையில் இருந்து எழுதுகிறேன். இதைக் கிழித்துவிடலாம் என்றால் பின்குறிப்பு எழுத வேறு தாள் கூடத்து மேசையில்தான் இருக்கிறது. வர்தா பெய்க்குப் போன் போட்டு, டயர் கொளுத்த ஆள் எப்போது வரும் என்று கேட்டாள். அவர் சொன்னாராம்: "நஸீஃப் செய்யாமலே மாட்டினான், அது சபைக்கே அவமானம், தெருவுல இறங்கினோம். உங்க வீட்டுக்காரர் செஞ்சுட்டு மாட்டியிருக்கார். அதுல அரசியல் எங்கம்மா இருக்கு?"

ஆகவே மாமா, நான் செய்யவில்லை. ஒரு சீட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பெட்ரோல் வாசனையே எனக்கு ஆகாது, தலை சுற்றும். கம்பளிக் கோட்டு என் சம்பளத்தில் வாங்கியது. இது சுத்தமான அரசியல் பழிவாங்கல் என்று வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே பெய்யிடம் சொல்லுங்கள்.

சற்றுமுன் நஸீஃப் மேலே வந்தான். மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை. "உள்ள குளிரும்டா ஷுக்ரி" என்று தன் போர்வையைக் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தான். பெய்யிடம் நன்றி சொல்லப் பெய்ரூத் கிளம்புகிறானாம், உங்களுக்கு ஏதாவது கடிதம் இருந்தால் கொடு என்றான். இதை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டப் பசைகூட இல்லை. பயப்படாதீர்கள், அவன் பிரித்துப் பார்க்க மாட்டான். நானாக இருந்தால் படி இறங்குவதற்குள் படித்திருப்பேன்.