லிஃப்ட் மணியும் ஒரு கிண்ணம் ஓட்ஸும்

அன்று புதன்கிழமை, காலை ஏழரை மணிக்குச் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் வருமாறு: சுவரோரமாக, எழுந்தால் மேசையும் கூடவே எழும் இடத்தில், ரூல்தடி. அவருக்கு எதிரே, அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில், அவர் மனைவி. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் இடிக்கும் இடத்தில், இடித்தால் இடிக்கட்டும் என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மனைவியின் தம்பி. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவதாக வந்தவன், நாலு மாதமாகிறது. மூவருக்கும் நடுவே, ஒரு தட்டில், இரண்டு அவித்த முட்டை.

"இதைச் சாப்பிட்டா இன்னிக்கு மணி அடிக்காதுன்னு உன்னால எழுதிக் கொடுக்க முடியுமா?" என்றார் ரூல்தடி.

"முட்டைக்கும் மணிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் மனைவி.

"சம்பந்தம் இல்லையா? சம்பந்தம் இல்லையா?"

மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். முட்டைகள் உருண்டன. ஒன்று தரையில் விழுந்தது. இன்னொன்றை மைத்துனன் பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்ததைத் திருப்பி வைக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

ரூல்தடி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். உருவத்தைப் பார்த்து யாரும் வைக்கவில்லை. உருவத்துக்கு வைத்திருந்தால் வேறு ஏதாவது உருண்டையாக வைத்திருப்பார்கள். ரூல்தடியால் ஒரு கோடு இழுக்காமல் அந்த மனிதர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துக்கூடப் போடமாட்டார். பதிவேட்டுப் பிரிவில் இருபத்தாறு வருஷம். ஒண்ணாந்தேதி பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி, சுற்றுகிற நாற்காலி, ரூல்தடிக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. ஒரே ஒரு காகிதம் பாக்கி: மருத்துவச் சான்றிதழ்.

கம்பெனி டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றினார். தொண்ணூற்றொன்று.

"ஆறு வாரம் டைம். எண்பத்தஞ்சுக்குக் கீழ வந்தா கையெழுத்து. வரலேன்னா நாற்காலி அடுத்த ஆளுக்கு" என்றார் டாக்டர். ஒரு சீட்டில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். முதல் வரி: காலை உணவை விடக்கூடாது, ஒரு கிண்ணம் ஓட்ஸ், ஒரு முட்டை, ஒரு பழம். இரண்டாம் வரி: லிஃப்ட் கூடாது, ஐந்து மாடியும் படியில்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். பியூன் லிஃப்ட்ல போவான், நான் படியில போகணுமா?" என்று வீட்டில் வந்து கத்தினார். கத்திவிட்டு, சீட்டை மேசையில் வைத்து, நடுவில் ரூல்தடியை அழுத்திக் கிழித்தார். முதல் வரியை ஃபிரிட்ஜில் ஒட்டினார். இரண்டாம் வரியை ஒரு கோப்பில் போட்டு, மேலே 'நிலுவை' என்று எழுதி வைத்தார்.

மனைவி பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஓட்ஸ் வாங்கி வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அது நடந்தது.

அலுவலக லிஃப்டில், லிஃப்ட்காரரைத் தவிர, எட்டுப் பேர் போகலாம். கம்பெனி பஸ்ஸில் வருகிற ஏழு பேர் முதலில் ஏறிக்கொள்வார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிற ரூல்தடி எட்டாவது ஆள். அன்றும் வழக்கம்போல வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். இடது கால் வருவதற்குள், 'கிணிகிணிகிணி' என்று மணி.

"எடை கூடிருச்சு சார்" என்றார் லிஃப்ட்காரர், பொத்தான்களின் பக்கம் ஒண்டி நின்றபடி. அவர் முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"ரூல்தடி சார், எங்க ஏழு பேர்ல யார் எறங்கினாலும் பிரயோஜனம் இருக்காது. நீங்க எறங்கினாத்தான் உண்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு லிஃப்ட் நிறையச் சிரிப்பு மேலே போயிற்று. ரூல்தடி படியேறினார். மூன்றாவது மாடியில் உட்கார்ந்தார். ஐந்தாவது மாடியை அடைந்தபோது அவருடைய பேனாகூட வியர்த்திருந்தது.

செவ்வாயும் மணி. புதனும் மணி. ஆனால் மாலையில் இறங்கும்போது அதே எட்டுப் பேர், அதே லிஃப்ட், மணி இல்லை.

ஒழுங்கான மூளை இப்படி ஒரு விவரத்தைச் சும்மா விடாது. காலையில் அடிக்கிறது, மாலையில் அடிப்பதில்லை. காலையில் உள்ளே இருந்து மாலையில் இல்லாமல் போவது எது? காலை உணவு! செரித்துவிட்டது! குற்றவாளி அகப்பட்டாயிற்று. வீட்டில் எடை மெஷின் இல்லை. இருந்ததன் மேல் ஏறி நின்று பல்பு மாட்டி மைத்துனன் அதன் கதையை முடித்திருந்தான். ஆகவே இனி லிஃப்ட்தான் தராசு. அன்றே ஒரு நோட்டு வாங்கி, மூன்று கட்டம் போட்டார்: தேதி, உணவு, மணி.

ஓட்ஸ், முட்டை, பழம்: மணி.

முட்டை நீக்கி ஓட்ஸும் பழமும்: மணி.

பழம் மட்டும்: மணி. அத்துடன் பத்தரை மணிக்குக் கேன்டீனில் இரண்டு கிரீம் பன். இதை நோட்டில் ஏற்றவில்லை. அதற்குக் கட்டம் போடவில்லை.

இப்படி வந்து நின்றதுதான் அந்தப் புதன்கிழமை, மூன்றாவது வாரம், முட்டை மட்டும்.

"கீழே விழுந்ததைக் கழுவித் தரவா?" என்றாள் மனைவி.

"வேண்டாம். நீ எனக்கு எதுவும் தர வேண்டாம். உனக்கு என் நாற்காலி மேல அக்கறை இருந்தா இப்படிக் கனமா சமைப்பியா?"

"கனமாவா? முட்டையை நானாங்க போட்டேன்?"

"டாக்டரைப் பார்த்துட்டு வந்த மறுநாள் கண்ணாடியை மறந்துட்டுப் போனேன். கொண்டு வந்தியே, மேல வந்து என் கையில கொடுத்தியா? லிஃப்ட்காரர்கிட்ட நின்னு பேசிட்டு, அவர் கையில கொடுத்துட்டுத் திரும்பிட்ட. அதுலயே தெரியுது உன் அக்கறை."

"அஞ்சு மாடி யாரு ஏர்றது?" என்றாள் மனைவி.

"நான் ஏர்றேன்ல! தினமும்!"

"மாமா, கோபத்துலயும் எடை குறையுமாம். நீங்க குறைவில்லாம கோபப்படுங்க" என்றான் மைத்துனன், வாயில் முட்டையோடு.

"டேய் மச்சான், நீ என்னைக்கு ஊருக்குக் கிளம்பறே?"

"உங்களை அந்த நாற்காலியில உட்கார வெச்சுப் பார்த்துட்டுக் கிளம்பறேன் மாமா."

அன்று பசியோடு போனார். போன வேகத்தில் பையைத் தரையில் வைத்தார். காலணிகளைக் கழற்றிப் பையின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். காலுறையோடு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, லிஃப்டில் கால் வைத்தார்.

மணி.

"வீட்டுல அம்மா சௌக்கியமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார் லிஃப்ட்காரர். நல்ல மனிதர். தினமும் கேட்பார்.

"சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? எனக்குத்தான் இல்ல!"

மறுநாள் வேறு ஏற்பாடு. எட்டு மணிக்கே போய், பஸ் வருவதற்கு முன் வாசலில் காத்திருந்து, முதல் ஆளாக உள்ளே புகுந்து, மூலையில் ஒட்டிக்கொண்டார். மணி அடிக்கவில்லை. ஒருவர், இருவர், நால்வர் ஏறினார்கள். மணி இல்லை. ரூல்தடியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. எட்டாவதாக, ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு தட்டச்சுப் பெண் உள்ளே கால் வைத்தாள்.

'கிணிகிணிகிணி.'

கால் வைத்தது அவள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது ரூல்தடியை.

"சார்..." என்றாள் அந்தப் பெண். ரூல்தடிக்கு அது போதும்.

மூலையிலிருந்து ஏழு பேரையும் இடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஐந்து மாடியும் திட்டிக்கொண்டே ஏறினார். கோபத்தில் மூன்றாவது மாடியில் உட்கார மறந்துவிட்டார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார்: "நாளையிலேர்ந்து காலையில ஒண்ணும் கிடையாது. தண்ணிகூட அரை டம்ளர்தான்."

"டாக்டர் முதல் வரியே காலை சாப்பாட்டை விடக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கார்?"

"டாக்டர் லிஃப்ட்ல வராரா? நான் வரேன்!"

வெறும் வயிற்றோடு நாலு நாள். நாலு நாளும் மணி. பத்தரை மணிக்கு இரண்டு பன் நாலாயிற்று. முக்கியமான பதிவேடு ஒன்றில் கிரீம் கறை. அதைக் காட்டி விளக்கம் கேட்ட துணை மேலாளரிடம், "கறையா? கறைதான் தெரியுதா உங்களுக்கு? மனுஷன் பசி தெரியலையா?" என்று கையில் ரூல்தடியோடு கேட்டுவிட்டார். துணை மேலாளர் இரண்டடி பின்னால் போனார். நாற்காலியும் இரண்டடி தள்ளிப் போனது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை மனைவிக்குக் கோபம் வந்தது. இருபது வருஷத்தில் மூன்றாவது தடவை.

"இதோ பாருங்க. மூணு வாரமா இந்த அடுப்புக்கு முன்னாடி நின்னு நான் விதவிதமா பரீட்சை எழுதிட்டிருக்கேன், நீங்க மணியைக் கேட்டு மார்க் போட்டுட்டிருக்கீங்க. ஓட்ஸ், முட்டை, ஆப்பிள், மூணையும் டப்பாவில போட்டுத் தரேன். மேல போய் உங்க மேசையில உட்கார்ந்து சாப்பிடுங்க. மணி அடிச்சதுக்கு அப்புறம் சாப்பிட்டா, மணிக்கு என்ன தெரியப்போகுது?"

ரூல்தடி நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அந்த வாதத்தில் ஓட்டை இல்லை.

அன்று முதல் காலையில் வெறும் வயிறு, கீழே மணி, ஐந்து மாடி படி, மேலே டப்பா. வயிறு நிறைந்தது. பத்தரை மணிக்குக் கேன்டீன் பக்கம் கால் போகவில்லை. ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் போகிறேன், அப்போதும் அடிக்கிறதே! வழியில் தபால்பெட்டியில் இடித்துக்கொண்டால் தபால்பெட்டியைத் திட்டினார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியபோது தையல்காரரைத் திட்டினார்.

ஆறாவது வாரத்தின் கடைசி நாள், காலை பத்து மணி. கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் மெஷினில் ஏறினார்.

எண்பத்து நாலரை.

"பிரமாதம். சொன்னதை அப்படியே செஞ்சிருக்கீங்க. ரெண்டு வரியையும்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழை ஒரு கோப்பில் செருகிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அலுவலகத்துக்கு நடந்தார். லிஃப்ட் காலியாக நின்றது. உள்ளே லிஃப்ட்காரர் மட்டும். ஏழு பேர் இல்லை, தட்டச்சுப் பெண் இல்லை, யாருமில்லை. ரூல்தடி, பிரிவுத் தலைவர் ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறினார்.

'கிணிகிணிகிணி.'

லிஃப்ட்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"எட்டுப் பேர் போற லிஃப்ட்ல ரெண்டு பேர்! எடை கூடிருச்சா?"

"அது... அப்படித்தான் சார் அடிக்குது."

ரூல்தடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொய்! ஆறு வாரமாக இந்த மணி பொய் சொல்லியிருக்கிறது! முதல் நாள் சாப்பிட்ட ஓட்ஸ் சரி, முட்டை சரி, பழம் சரி. குற்றமே செய்யாத ஒரு காலை உணவைக் கூண்டில் ஏற்றி, பாவம் அந்த மனைவியை வாய்க்கு வந்தபடி பேசி, ஒரு மனிதனை ஐந்து மாடியும் ஏற வைத்து...

ஏறினார், ஐந்து மாடியும். ஒரே மூச்சில், இரண்டிரண்டு படியாக. மேசையில் உட்கார்ந்து, தாளை எடுத்து, கோடு போட்டார். மத்தியானம் வரை எழுதினார்.

'மின்தூக்கி நிறுவனத்தின் மேலாளர் அவர்களுக்கு. ஐயா, தங்கள் நிறுவனத்தார் எங்கள் கட்டடத்தில் பொருத்தியுள்ள மின்தூக்கியின் மணியால் எனக்கு நேர்ந்த கொடுமைகள் வருமாறு. ஒன்று: முப்பது வேலை நாட்கள் ஏறிய படிகள், நாளொன்றுக்கு நூற்றுப் பத்து. இரண்டு: அநியாயமாக விலக்கப்பட்ட முட்டைகள், பட்டியல் இணைப்பில் காண்க. மூன்று: இல்லற வாழ்வில் ஏற்பட்ட மனக்கசப்பு. தங்கள் இயந்திரத்தின் தடைகளையெல்லாம் மீறி, முழுக்க முழுக்கக் காலை உணவின் கட்டுப்பாட்டினால் மட்டுமே நான் ஆறரைக் கிலோ குறைந்துள்ளேன் என்பதைத் தங்கள் முகத்துக்கு நேரே தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி மணியை உடனே பிடுங்கி எறிய வேண்டியது. பின்குறிப்பு: லிஃப்ட்காரர்மீது எவ்விதப் புகாரும் இல்லை. ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் என்னைவிட அதிகமாக வருந்தியவர் அவரே.'

மடித்தார். உறையில் போட்டார். பசையைத் தடவி, ரூல்தடியை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டி அழுத்தினார். தபால்தலையை ஒட்டி, அதன்மேல் ஒரு குத்து விட்டார்.

நாலு மணித் தபாலை எடுக்க லிஃப்ட்காரர் வந்தார். அலுவலகத் தபாலைக் கீழே பெட்டியில் சேர்ப்பதும் அவர் வேலைதான். ரூல்தடி லிஃப்ட் வரை கூடவே நடந்து போய், கடிதத்தைத் தன் கையாலேயே தபால் பைக்குள் போட்டார்.

"யாருக்கு சார் இது, இவ்வளவு கனமா?"

"உன் லிஃப்ட் கம்பெனிக்கு. அந்த மணியோட ஆட்டம் இன்னியோட முடிஞ்சுது. நாற்காலியும் எனக்குத்தான். எண்பத்து நாலரை!"

"அப்பாடா!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனவர், கதவு பாதி மூடியபோது தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அப்ப நாளையிலேர்ந்து நான் அந்தப் பொத்தானை அமுக்க வேணாமான்னு, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்க சார்."