நாலு விளக்கும் எரிந்த முகூர்த்தம்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு காரின் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னினால், அந்தக் கார் நேராகப் போகிறது என்று அர்த்தம். வண்டி பழுதாகி நிற்கிறது என்பதைக் காட்டத்தான் அந்த ஏற்பாடு என்று சட்டம் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் ஜில்லாவில் நாலையும் போட்டால் நேர்வழிதான். என் கல்யாணம் சந்தி சிரித்ததற்கு இந்த வழக்கம்தான் காரணம் என்று இன்றும் வாதாடுகிறேன். (வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

என்னிடம் ஒரு பழைய அம்பாசடர் உண்டு. எனக்கும் மூத்தது. அதன் இண்டிகேட்டர்கள் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு அதில்தான் போவேன், அதுவும் நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மாப்பிள்ளை ஸ்டியரிங் பிடிப்பதா என்று சொந்தபந்தம் முணுமுணுத்தது. நான் காதில் வாங்கவில்லை. ஆன்லைனில் எல்.இ.டி. இண்டிகேட்டர் வரவழைத்தேன். இரண்டு வீடியோ பார்த்ததும் தெனாவட்டு தலைக்கேறியது. மெக்கானிக் எதற்கு என்று நானே வயரை முறுக்கினேன்.

அந்தக் காரின் டாஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி பல்பு. எல்.இ.டி.க்குத் துளி மின்சாரம் கிடைத்தாலும் எரிந்துவிடும். ஆகவே வலப்பக்கம் போட்டால், அந்தப் பல்பு வழியாகக் கசிந்து இடப்பக்கமும் மின்னும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று நான் சோதித்த லட்சணம் இதுதான்: நண்பன் காதரை வலப்பக்கம் நிறுத்தி வலதைப் போட்டேன். எரியுது என்றான். இடப்பக்கம் நிறுத்தி இடதைப் போட்டேன். எரியுது என்றான். காருக்குப் பின்னால் நடுவில் நின்று பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று விடியுமுன் சேரன்மகாதேவியிலிருந்து கிளம்பினோம். முன்னால் காரில் நானும் காதரும். பின்னால் வேனில் அம்மாவும் சொந்தங்களும். தாலி இருந்த பெட்டி அம்மாவின் மடியில். மண்டபம் தச்சநல்லூரைத் தாண்டி வலதுபக்கம் பிரியும் சாலையில் இருந்தது. வேன் டிரைவருக்கு வழி தெரியாது. என் இண்டிகேட்டரைப் பார்த்து வந்தால் போதும் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

திருப்பத்தில் வலது இண்டிகேட்டரைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து எங்களுக்கு இடையில் ஒரு பஸ் புகுந்தது. அது மறைக்குமுன் என் விளக்குகள் இரண்டு பக்கமும் மின்னியதைக் கண்ட வேன் டிரைவர், நான் திரும்பியது தெரியாமல் நேராக நாற்கரச் சாலையில் ஏறி மதுரையை நோக்கிப் பறந்துவிட்டார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டுடன் கூட்டம் நின்றது. மாமனார் என்னைப் பார்த்தார், காதரைப் பார்த்தார், காலியான தெருவைப் பார்த்தார்.

"மாப்பிள்ள வந்துட்டாவ. மாப்பிள்ள வீடு எங்கன?"

போன் போட்டேன். வேன் கங்கைகொண்டானை நெருங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்கதான அண்ணாச்சி நாலையும் போட்டிய? நேராத்தான் போறியன்னு நானும் வந்துட்டேன்."

திரும்ப வேண்டுமானால் நடுச்சுவரில் இடைவெளி வரும்வரை மேலும் போக வேண்டும். ஐயரோ முகூர்த்தம் முடியப்போகிறது என்று நச்சரித்தார். அம்மாவும் இல்லை, தாலியும் இல்லை. பெண் வீட்டார் ஆளுக்கொரு பக்கம் குசுகுசுத்தார்கள். கல்யாணம் நின்றுபோகும் என்றே நினைத்தேன். மணமேடையில் என் பக்கத்தில் குனிந்த தலையோடு இருந்த மணப்பெண் கோமதி, தலையை நிமிர்த்தாமலே முடிவு சொன்னாள்.

"கயித்துல மஞ்சளக் கட்டிக் கொண்டாங்க. தாலி பைய வரட்டும்."

அப்படியே விரலி மஞ்சளைக் கட்டி முடித்தேன். பந்தியில் இட்லி பரிமாறும்போது அம்மா வந்து சேர்ந்தாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணெல்லாம் சிவந்து நின்றாள். அவளுக்கு நான் ஒரே பிள்ளை.

"ஏலே, நான் பாக்காதது ஒரு கல்யாணமா?"

ஐயரின் ஆட்சேபணை எடுபடவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மறுபடி மேடையேறினேன். நாதஸ்வரக்காரர் பாதி இட்லியில் எழுந்து வந்தார். ஒரே காலையில் ஒரே பெண்ணுக்கு இரண்டு தரம் தாலி கட்டினேன். முதல் தாலி என் காருக்கு, இரண்டாவதுதான் தனக்கு என்று கோமதி எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள்.

வயரிங்கைச் சரிசெய்து வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எப்போது காரில் ஏறினாலும் எனக்குப் பின்சீட்டில்தான் உட்காருவாள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், நான் இண்டிகேட்டரைத் தொடுமுன் அவளுடைய வளையல் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டுவிடும். திரும்பி முடித்து, பின்னால் யாரும் நேராகப் போய்விடவில்லை என்று அவள் எட்டிப் பார்த்த பிறகே அந்தக் கை உள்ளே வரும்.