திரி வைத்த பிறகு ஒரு சொல்லாராய்ச்சி

வாயால் கெட்டவர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால், தலைவர் பதவிக்கு நான் மனுப்போட வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து மாலை போட்டுவிடுவார்கள்.

எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கப்பலில் வந்து இறங்கியது, எந்த மொழியில் என்ன வேஷம் போடுகிறது என்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விருதுநகரில் ஒரு கல்லூரியில் தமிழ் வாத்தியார் வேலை. மாணவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். பெண் வீட்டாருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பார்க்கப் போன இடமெல்லாம் கேசரியோடு முடிந்துபோனது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமை, ஏழாயிரம்பண்ணைக்குப் புறப்பட்டோம். அங்கே சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த வேல்சாமி அண்ணாச்சியின் மகள் கனகாவைப் பெண் பார்க்க. வேனில் ஏறும்போதே அம்மா எச்சரித்தார்.

“ஏலே, இதுதான் கடைசி. அங்கன போயி வாயத் தொறந்தேன்னு வையி, பெறகு நீயே பொண்ணு தேடிக்க. நான் வரமாட்டேன்.”

“தொறக்க மாட்டேம்மா” என்றேன். (கேசரிக்கு மட்டும் விலக்கு.)

கனகா டீ கொண்டுவந்தாள். நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பேசுவேன்.

“டீ, சாயா ரெண்டுமே ஒரே சீனச் சொல்லோட பிள்ளைங்கதான். கப்பலேறிப் போனது டீ ஆச்சு, தரைவழியா நடந்து போனது சாயா ஆச்சு” என்று தொடங்கினேன். டம்ளரில் ஆடை கட்டியது. அம்மா தொடையைக் கிள்ளினார். நான் டீயை விட்டுவிட்டுச் சர்க்கரைக்குத் தாவினேன். வடமொழியில் அந்தச் சொல்லுக்குச் சரளைக்கல் என்றும் பொருள் உண்டு என்றேன். கனகாவின் அம்மா பதறிப்போய், “ஐயையோ, கேசரியில கல்லு கெடந்துச்சா?” என்று தட்டை வாங்கிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கனகா இருமினாள். (இருமல் இல்லை, சிரிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள்.)

பேச்சை மாற்ற அண்ணாச்சி எழுந்தார். “தம்பி, இந்த சீசனுக்குப் புதுசா ஒரு பூச்சட்டி போட்டிருக்கோம். பூவா கொட்டி முடிச்சுக் கடைசியில வெடிக்கும். புது ஐட்டத்துக்கு மொதத் திரிய வெளியாளு கையாலதான் பத்த வைக்கச் சொல்றது எங்க வழக்கம். நீங்க வைக்கீகளா?”

வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த கரிசல் காட்டின் நடுவில் பூச்சட்டியை வைத்தார்கள். ரெண்டு குடும்பமும் தள்ளிப்போய் வரிசையாக நின்றது. நீளமான ஊதுவத்தி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: “வச்சதும் வந்துருங்க. அங்கன நின்னு பேசப்பிடாது.”

வைத்தேன். நிமிர்ந்தேன். எல்லோரும் என்னையே, கண் கொட்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். என் வகுப்பில் ஒருநாளும் அப்படியொரு கவனத்தை நான் கண்டதில்லை. விடுவேனா?

“இப்ப இந்தப் பட்டாசுங்கிற சொல்லையே எடுத்துக்குவோம். மலையாளத்துல படக்கம், கன்னடத்துல படாகி, தெலுங்குல டபாசு...”

அண்ணாச்சி ரெண்டு கையையும் வீசினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“இந்தியில படாக்கா. அங்க அழகான பொண்ணையும்...” இங்கே கனகாவைப் பார்த்தேன். “...படாக்கான்னுதான் சொல்லுவாங்க!”

படாக்கா பாய்ந்து வந்தது.

“ஏலே, திரி பத்திருச்சுலே! ஓடியாலே!”

கனகா கத்திக்கொண்டே என் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். பின்னாலேயே பச்சை, சிவப்பு, வெள்ளி என்று கொட்டி, கடைசியில் வெடித்தது. ஐட்டம் பிரமாதம் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. புது வேட்டி சல்லடை ஆகியிருந்தது. இடது புருவம் இருந்த இடத்தில் தீய்ந்த வாசம் மட்டும் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவனைப் பெண்ணே, சபையில், ‘ஏலே’ என்று கூப்பிட்டுவிட்டாள். அண்ணாச்சி வெளிறிப்போய் அம்மாவிடம் கைகூப்பினார்.

“ஆத்தா, பிள்ள பதட்டத்துல மரியாத இல்லாமப் பேசிருச்சு. மனசுல வச்சுக்கிராதீக.”

கனகா தலை குனிந்து நின்றாள். (நாணம் என்று நினைத்தேன். வேட்டியில் இன்னும் நெருப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள்.) இந்த இடமும் போய்விட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா என்னைச் சுற்றி வந்தார். வேட்டியைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

“இவன் பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல நிப்பாட்டுன ஆள நான் இன்னிக்குத்தான் பாக்கேன். இம்புட்டு நாளா இந்தப் பிள்ளையத்தான் தேடிக்கிட்டிருந்தேன். தாம்பாளத்த எடுத்துட்டு வாங்க, மாத்திக்கிருவோம். ஏத்தா, உனக்குச் சம்மதமா?”

கனகா யோசித்தாள். “சம்மதந்தான். பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வச்சுக்கிட்டா சமாளிச்சுக்கிரலாம்” என்றாள்.

அடுத்த வாரம் ஊரைக் கூட்டி நடந்த நிச்சயதார்த்தத்துக்குள் புருவம் முளைக்கவில்லை. சித்தி மையால் வரைந்துவிட்டார், கொஞ்சம் மேலே தூக்கி. ஆல்பத்தில் இன்றைக்கும் என் முகத்தில் பாதி மட்டும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் கிடையாது. இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறேன். பழந்தமிழில் நெருங்கியவர்களை உரிமையோடு அழைக்க ‘எல்லா’ என்றொரு சொல் உண்டு. நம் ஊர் ‘ஏலே’ அதன் பேத்தி என்பது என் கட்சி. ஆகவே அன்றைக்குக் கனகா என்னை மரியாதைக் குறைவாக அழைக்கவில்லை, பிரியமாகத்தான் அழைத்தாள். எந்த விசேஷ வீட்டிலும் இதை நான் விளக்க ஆரம்பிப்பேன்.

ஆரம்பித்ததும் எங்கிருந்தாவது கனகாவின் குரல் வரும்: “திரி!”

சொந்தபந்தம் மொத்தமும் பின்வாங்கி வரிசையாக நிற்கும். என் மகள் வாளியைத் தேடிப் போவாள். நான் விடாமல் பேசத்தான் பார்க்கிறேன். ஆனால் கால் என்னைக் கேட்காமலே கனகா நிற்கும் பக்கம் ஓடிவிடுகிறது.